ஒன்பதாம் வகுப்பு மகனின் திக்கலை ஸ்டிக்கராக்கிச் சுற்றுகிறார்கள்: போனை வாங்கி வைப்பதா, பள்ளியைக் கேட்பதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், வயது 14. பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அவனுக்குப் பேச்சு திக்கும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் முடிக்கும்வரை காத்திருப்போம், அவ்வளவுதான். இந்த ஆண்டு பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லும் வாய்ப்பை அவனே கேட்டு வாங்கினான். ‘வருகை தந்திருக்கும்’ என்ற முதல் சொல்லிலேயே நாக்கு நின்றுவிட்டது. கண்ணை மூடிக் கையை இறுக்கிக்கொண்டு அந்தச் சொல்லை வெளியே கொண்டுவந்தான். பிறகும் சில இடங்களில் தடுமாறினான். ஆனால் ஒரு வரியைக்கூட விடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினான்.

யாரோ அதைப் படம்பிடித்திருக்கிறார்கள். முதல் சொல்லை மட்டும் வெட்டி, இசை சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து, வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கண்மூடி வாய் திறந்த அந்த ஒரு நொடி முகம் இப்போது ஸ்டிக்கர். ‘நாளைக்கு என்ன வீட்டுப்பாடம்’ என்று ஒரு பெண் கேட்டால் பதிலாக அந்த முகம் வருகிறது. யாருக்காவது பிறந்தநாள் என்றாலும் அந்த முகம்தான். குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் அவன் அக்கா தற்செயலாகப் பார்த்துச் சொன்னாள். அதன் பிறகுதான் மற்றவை புரிந்தன. திங்கள்கிழமை காலையில் வயிற்றுவலி. நள்ளிரவு தாண்டியும் அறையில் வெளிச்சம். வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்வதை நிறுத்திவிட்டான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வரவில்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறான்.

வகுப்பாசிரியரிடம் போனேன். ‘பிள்ளைகள் விளையாட்டு’ என்றார். முதல்வர், ‘பள்ளி நேரத்துக்கும் வளாகத்துக்கும் வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது’ என்று முடித்துவிட்டார். அவனுடைய போனை வாங்கி வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடாது என்கிறார் மனைவி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைத்தமிழன் (மதுரை)

தம்பி, படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. நாக்கு நின்ற பிறகும் மேடையை விட்டு ஓடாமல் முழு உரையையும் சொல்லி முடித்த பிள்ளை அவன். அதை நீங்கள் அவனிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிறகு போனை இன்றைக்கே வாங்கி வையுங்கள். பார்ப்பதால்தானே வலிக்கிறது? கேலி செய்கிறவனுக்கு வேண்டியது எதிராளி துடிப்பது. அந்தத் துடிப்பு கண்ணில் படாவிட்டால் சில நாட்களில் அலுத்துப்போய் விட்டுவிடுவான். எங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை தனிப் போன் கிடையாது என்பது வீட்டுச் சட்டம். அந்தப் பையன்களின் வீடுகளுக்கும் நேரில் போங்கள். பெரியவர்கள் நான்கு பேர் கூடி, எதிரெதிரே உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னால் ஒரே மாலையில் தீரக்கூடிய விஷயம் இது.

---

நீலக்குறிஞ்சி (கோவை, கல்லூரி மாணவி)

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளியின் பெயரில் முகம் தெரியாத யாரோ ஒரு ‘கன்ஃபெஷன்’ பக்கம் நடத்தினார்கள். மனதில் இருப்பதைப் பெயர் சொல்லாமல் அனுப்பலாம் என்று தொடங்கியது. ஒரு மாதத்தில் யார் எந்த ஆசிரியரிடம் வழிகிறாள், யார் உடம்பில் என்ன வாடை வருகிறது என்று மாறிவிட்டது. என்னைப் பற்றி வந்தது என் நிறத்தைப் பற்றியும் என் அம்மா செய்யும் வேலையைப் பற்றியும். நான் வீட்டில் சொல்லவில்லை. காரணம் ஒன்றுதான்: சொன்னால் போன் போய்விடும் என்று தெரியும். அடித்தவர்கள் அவர்கள், தண்டனை எனக்கா என்று இருந்தது.

இன்னொன்றையும் பெரியவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். போன் இல்லாவிட்டால் அது நின்றுவிடாது. நேற்றிரவு என்ன வந்தது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் நான் உள்ளே நுழைய வேண்டும். யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு அழுவதைவிட அது கொடுமை. அந்த நாட்களில் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரே தோழி வேறு ஊருக்கு மாறிப் போனவள். அவளும் அதே போனுக்குள்தான் இருந்தாள்.

அண்ணா, உங்கள் மகன் இன்னும் உங்களிடம் பேசவில்லை. போனை எடுத்தால் இனிமேலும் பேச மாட்டான்.

---

பொன்னிநாடு (தஞ்சை மாவட்டம், அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை)

நீலக்குறிஞ்சி சொன்னதை நான் வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பிள்ளைகள் எங்களிடம் சொல்லாமல் இருப்பதற்கு வெட்கம் பாதிக் காரணம். சொன்ன பிறகு பெரியவர்கள் செய்யும் காரியங்கள் மீதிப் பாதி.

ஆகவே வைகைத்தமிழன் ஐயாவின் இரண்டாவது யோசனைக்கும் நான் உடன்படவில்லை. எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் செய்வது, சமமான இரண்டு பேர் சண்டை போட்டால் பலிக்கும். இங்கே ஒரு பக்கம் ஒருவன், மறுபக்கம் ஒரு கூட்டம். பெரியவர்கள் முன்னால் ‘மன்னித்துவிடு’ என்பார்கள். வாசலைத் தாண்டியதும், ‘வீட்டில் சொல்லிக்கொடுத்தவன்’ என்று இன்னொரு பட்டம் கிடைக்கும். சுற்றி நிற்கும் பெரியவர்கள் நடுவே, அதுவும் திக்கும் பிள்ளையிடம், ‘நடந்ததைச் சொல்’ என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

என் கவனம் எப்போதும் அந்த நாற்பது பேர் மீதுதான். வீடியோவை வெட்டியவன் ஒருவன் இருப்பான். ஸ்டிக்கர் செய்தவர்கள் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள்? சிரிப்புக் குறி போட்டவர்கள், அனுப்பி மகிழ்ந்தவர்கள், பிடிக்காமலும் வாய் திறவாமல் இருந்தவர்கள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற உளவியல் பேராசிரியர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தக் கூட்டத்தைத்தான். துன்புறுத்துகிறவனுக்கு வகுப்பில் கிடைக்கும் மதிப்பே அவனுடைய கூலி. பார்வையாளர்கள் அந்தக் கூலியைக் கொடுக்காவிட்டால் அவனால் தொடர முடிவதில்லை என்பது அவர் கண்டது. அதிலிருந்து பிறந்த ‘கிவா’ என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் நாடு முழுவதும் பரவியது. நேரில் நடக்கும் துன்புறுத்தலை மட்டுமல்லாமல் இணையத்தில் நடப்பதையும் அது குறைத்திருக்கிறது.

அதில் ஒரு பகுதியை என் வகுப்பில் நான் செய்கிறேன். யார் செய்தது என்று வகுப்பைக் கூட்டி விசாரிப்பதில்லை. பிள்ளைகளிடையே செல்வாக்குள்ள, நல்ல மனமுள்ள மூன்று நான்கு பேரைத் தனியாக அழைப்பேன். கபடி அணித் தலைவன், நன்றாகப் பாடும் பெண், அப்படிப்பட்டவர்கள். ‘இவன் இப்போது சிரமத்தில் இருக்கிறான், உங்களால் என்ன செய்ய முடியும்’ என்று கேட்பேன். பதிலை அவர்களே சொல்வார்கள். ஒருவன் மதிய உணவுக்குப் பக்கத்தில் உட்காருவான். இன்னொருத்தி குழுவில் ‘போதும், வேறு பேசுங்கள்’ என்று எழுதுவாள். அந்த ஒரு வரி செய்வதை என்னுடைய அரை மணி நேர அறிவுரை செய்ததில்லை. ஸ்டிக்கர் போட்டவர்களைத் தனித்தனியாக, ஒருவர் பேசியது மற்றவருக்குத் தெரியாத வகையில் அழைத்துப் பேசுவேன்.

வகுப்பாசிரியர் ‘விளையாட்டு’ என்றாராம். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும்.

---

தாமிரபரணி (திருநெல்வேலி, மருத்துவ உளவியலாளர்)

நொய்யல்கரை ஐயா, அவசரமாகக் கேட்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டிருக்கிறது, பள்ளி நாளில் வயிறு வலிக்கிறது, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறான். சாப்பாடு குறைந்திருக்கிறதா? முன்பு பிடித்திருந்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா? ‘நான் இல்லாவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை’ என்ற மாதிரி ஏதாவது பேசுகிறானா? சந்தேகம் இருந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: ‘வாழவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றியதா?’ கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை; ஆய்வுகள் இதில் தெளிவாக இருக்கின்றன. கேட்டதும் பல பிள்ளைகளுக்குப் பாரம் இறங்குகிறது. ‘ஆம்’ என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

இந்த வயதில் இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று பெரியவர்களுக்குப் புரிவதில்லை. ‘விட்டுத்தள்ளு’ என்கிறோம். பதின்பருவத்தில் சக வயதினரின் ஏற்பும் ஒதுக்கலும் மூளைக்கு உயிர்ப்பிரச்சினை போலவே படுகின்றன. 2003-இல் நவோமி ஐசன்பெர்கரும் சகாக்களும் கல்லூரி மாணவர்களைக் கணினியில் பந்து எறிந்து விளையாட வைத்து, நடுவில் அவர்களுக்குப் பந்து வராதபடி செய்தார்கள். அந்தச் சிறிய ஒதுக்கலுக்கே, உடல்வலியின்போது இயங்கும் மூளைப் பகுதி ஒன்று இயங்கியது. அதுவும் முகம் தெரியாதவர்களோடு ஆடிய பந்துக்கு. உங்கள் மகன் தினமும் முகம் பார்க்க வேண்டிய வகுப்பு இது.

இணையம் இதில் கூட்டிய கொடுமை என்ன? பள்ளித் துன்புறுத்தலை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த டான் ஒல்வேயுஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, பலத்தில் ஏற்றத்தாழ்வு. முன்பெல்லாம் திரும்பத் திரும்ப நடக்க வேண்டுமானால் அடிப்பவன் மறுநாளும் வர வேண்டும். இன்று ஒருவன் ஒரு தடவை செய்தால் போதும், அனுப்புகிறவர்கள் அதை ஆயிரம் தடவையாக்குகிறார்கள். ஒவ்வொருவனும் ‘நான் ஒரே ஒரு ஸ்டிக்கர்தானே போட்டேன்’ என்று நினைக்கிறான். அது உண்மையும்கூட. வாங்குகிறவனுக்கோ கணக்கு வேறு. வீடு என்ற அடைக்கலமும் போய்விட்டது. தலையணைக்குப் பக்கத்தில் வகுப்பறை ஓடிக்கொண்டிருக்கிறது.

இது அரிதாக நடப்பதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வு 2024-இல் வந்தது. இணையத் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். ஆண்பிள்ளைகள் 15 சதவீதம், பெண்பிள்ளைகள் 16 சதவீதம். ஆண்பிள்ளைகளுக்கு இது நடப்பதில்லை என்று நம்பும் வீடுகள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பையன்கள் அழக்கூடாது என்பதால் அவர்களுடைய துயரம் கோபமாகவோ வயிற்றுவலியாகவோதான் வெளியே வருகிறது.

திக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயத்தால் வருவதில்லை திக்கல்; அதற்கு மரபணுவிலும் நரம்பியலிலும் வேர் இருக்கிறது. ஆனால் கேலிக்குப் பயந்து பேச்சைத் தவிர்ப்பது பழகிப்போனால், திக்கலைவிட அந்தத் தவிர்ப்புதான் வாழ்க்கையைச் சுருக்கிவிடும். ‘உள்ளேன் ஐயா’ நின்றுபோனது எனக்குப் பெரிய எச்சரிக்கையாகத் தெரிகிறது. பேச்சுப் பயிற்சி தரும் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தச் சேவை உண்டு.

---

கூடல்நகர் (மதுரை, வழக்குரைஞர்)

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இணையத் துன்புறுத்தல் என்ற பெயரில் இந்தியாவில் தனிக் குற்றப்பிரிவு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு புண்படுத்தும் செய்திகளைப் பொதுவாகத் தண்டித்தது. அது கருத்துரிமையை நசுக்குகிறது என்று உச்ச நீதிமன்றம் 24 மார்ச் 2015 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான்; ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பவில்லை. இன்று என்ன நடந்தது என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும். ஒருவர் பெயரில், அடையாளத்தில் போலிக் கணக்கு நடத்தினால் 66சி, 66டி. அந்தரங்கப் படம் என்றால் 66இ. 18 வயதுக்குட்பட்டவரின் பாலியல் படம் என்றால் 67பி, கூடவே போக்சோ. மிரட்டினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351. பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்தால் அதே சட்டத்தின் 78. உங்கள் மகனின் ஸ்டிக்கர் இவற்றில் எதிலும் நேராகப் பொருந்தாது.

ஆனால் முதல்வர் சொன்ன ‘வளாகத்துக்கு வெளியே’ என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அதையடுத்து வந்ததுதான் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். மாணவர் ஒருவருக்கு உடல், மன ரீதியான தீங்கையோ அச்சத்தையோ வெட்கத்தையோ சங்கடத்தையோ உண்டாக்கும் செயல்களையும், கேலி செய்வதையும் அது ராகிங் என்கிறது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அதைத் தடை செய்கிறது. புகார் வந்தால் விசாரிக்கும் கடமையை நிறுவனத் தலைவர் மீது வைக்கிறது. கல்லூரிச் சட்டம் என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். பள்ளி சிபிஎஸ்இ என்றால் இன்னொன்றும் உண்டு: துன்புறுத்தல் தடுப்புக் குழு அமைக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2015-இலேயே தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

இன்றிரவே செய்ய வேண்டியது: தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழுவை விட்டு வெளியேறுவது, புகார் கொடுத்து நீக்கவைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

---

வைகைத்தமிழன்

சமரசம் பற்றி டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். திக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்துவது சரியில்லை. போனைப் பற்றி என் கருத்து அப்படியே இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு அந்த அறையில் ஏன் வெளிச்சம் என்று யாரும் பேசவில்லையே?

வக்கீல் தம்பி, ஒரு கேள்வி. சட்டத்தில் பொருந்துகிறதோ இல்லையோ, காவல் நிலையத்துக்கு வரவழைத்து ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தால் மற்ற பையன்களுக்கும் பயம் வராதா?

---

கூடல்நகர்

வராது ஐயா. வந்தாலும் வேறு வடிவத்தில் திரும்பும். செய்தவர்களும் 14 வயதுப் பிள்ளைகள். இளைஞர் நீதிச் சட்டப்படி கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்தாலோ தவிர அவர்கள் மீது முதல் தகவல் அறிக்கையே பதியக்கூடாது. காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கை தயாரித்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குழந்தைகளைக் கையாளும்போது போலீஸ் சீருடை அணியக்கூடாது. பெஞ்சில் உட்காரவைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆனால் மிரட்டல், ஆபாசப் படம், பணம் கேட்பது என்று போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 2016-இல் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவர், தன் முகத்தை ஒட்டிய ஆபாசப் படங்கள் சமூக ஊடகத்தில் பரவியதால் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பம் ஏற்கெனவே காவல்துறையிடம் போயிருந்தது. நடவடிக்கை எடுக்கக் காவல்துறை தாமதித்தது எழுப்பிய கண்டனத்தை நான் மறக்கவில்லை. இப்போது தேசிய சைபர் குற்றப் புகார் தளம் இருக்கிறது, அதற்கான 1930 உதவி எண் இருக்கிறது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்ததிலிருந்து, ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ உருமாற்றிய படத்தையோ பற்றி அவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் தளங்கள் கெடுவுக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது; கெடு முதலில் 24 மணி நேரம், 2026 பிப்ரவரியிலிருந்து 2 மணி நேரம். 18 வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண்வடிவக் குறியீடு மட்டுமே போகும்.

---

முல்லைக்கொடி (சென்னை)

இதுவரை யாரும் பேசாத இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் செய்த பையனின் அம்மா.

எட்டாம் வகுப்பில் என் மகன் ஒரு சக மாணவியின் பல்வரிசையை வைத்துப் படங்கள் செய்து பரப்பினான். பள்ளியிலிருந்து எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தாய் அழைத்தார். ஒரு சொல்கூடத் திட்டாமல், தன் மகள் கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். நான் அவனிடம் கேட்டபோது, ‘எல்லாரும் சிரித்தார்கள் அம்மா, அவளும் சிரித்தாள்’ என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவள் உண்மையாகவே குழுவில் சிரிப்புக் குறி போட்டிருந்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகும் என்று போட்டிருக்கிறாள். அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியவில்லை. திரையில் முகம் தெரிவதில்லையே.

அவனை அடிக்கவில்லை. குழுவில் அவன் போட்ட ஒவ்வொன்றையும் அவனே தேடி அழிக்க வேண்டும். யார் யாருக்கு அனுப்பினானோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் ‘நான் செய்தது தவறு, உங்களிடம் இருப்பதையும் அழித்துவிடுங்கள்’ என்று தன் பெயரில் கேட்க வேண்டும் என்றேன். அவனுக்கு அது அடியைவிடக் கடினமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் போய் நிற்கச் சொல்லவில்லை. அவள் விரும்பினால் மட்டும் கடிதம் கொடுக்கலாம் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். சில வாரங்கள் கழித்துச் சரி என்றார்.

நொய்யல்கரை அண்ணா, அந்தப் பையன்களின் தாய் தகப்பன்களிடம் பேசுங்கள். தனித்தனியாக, போனில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில். ‘உங்கள் மகன் கெட்டவன்’ என்று தொடங்கினால் எந்தத் தாயும் மகனுக்கு வக்கீலாகிவிடுவாள். உங்கள் மகனுக்கு இப்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லுங்கள். ‘உள்ளேன் ஐயா’ சொல்வதை நிறுத்திவிட்டான் என்று சொல்லுங்கள்.

---

யாராக்கரை (மெல்பர்ன்)

ஆஸ்திரேலியாவைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 10 டிசம்பர் 2025 அன்று நடைமுறைக்கு வந்தது. தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்கு; 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. இங்குள்ள தமிழ்ப் பெற்றோரில் பலர் நிம்மதியடைந்தார்கள். நானும்தான்.

ஆனால் இந்த இழையில் பேசப்படும் விஷயத்தை அது தொடாது. செய்தி அனுப்பும் செயலிகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. வகுப்புக் குழு அங்கேதான் ஓடுகிறது.

எனக்கு அதைவிட மதிப்பாகத் தெரிவது இங்குள்ள இணையப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம். 2015-இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஒரு பிள்ளையைத் துன்புறுத்தும் பதிவைத் தளத்திடம் முறையிட்டு 48 மணி நேரத்தில் நீக்காவிட்டால், இந்த அலுவலகத்திடம் போகலாம். நீக்கச் சொல்லி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. தாயும் தகப்பனும் போலீசுக்குப் போவதா, பள்ளிக்குப் போவதா, யாருமில்லாத நிறுவனப் படிவத்தை நிரப்புவதா என்று அலையாமல், இதற்கென்றே ஒரு கதவு இருக்கிறது. நம் ஊரிலும் தடையைவிட இந்தக் கதவைத்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

---

பனங்காடு (யாழ்ப்பாணம்)

இலங்கையிலிருந்து வாசிப்பவர்களுக்காக: சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, மனநல உதவிக்கு 1926. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. எங்கள் பாடசாலைகளிலும் இதே ஸ்டிக்கர்தான்.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. தாமிரபரணி அம்மா கேட்கச் சொன்ன கேள்வியை அன்றிரவே கேட்டேன். சாக வேண்டும் என்று தோன்றவில்லை, பள்ளி மட்டும் இல்லாமல் இருந்தால் போதும் என்றான். பிறகு வெகுநேரம் பேசினான். திக்கித் திக்கி, ஆனால் நிறுத்தாமல். ‘உன் போனை எடுக்க மாட்டேன்’ என்று நான் சொன்ன பிறகுதான் குழுவைத் திறந்து காட்டினான். வைகைத்தமிழன் ஐயா கேட்ட வெளிச்சத்துக்கும் வழி செய்திருக்கிறோம்: இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும், என்னுடையதும் சேர்த்து, கூடத்து அலமாரியில் இருக்கும். அவன் மட்டும் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றக்கூடாது என்று மனைவி சொன்னார்.

இரண்டு பையன்களின் தந்தையரிடம் பேசினேன். ஒருவர் அன்றே மகனிடம் பேசி அழிக்கவைத்தார். மற்றவர், ‘உங்கள் மகன் மேடை ஏறாமல் இருந்திருக்கலாம்’ என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. முதல்வர் வியாழக்கிழமை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்.

கேட்க இரண்டு இருக்கின்றன. குழுவை விட்டு அவன் வெளியேற வேண்டுமா? வருகைப் பதிவுக்கு என்ன செய்வது?

---

தாமிரபரணி

ஐயா, அவன் பேசியிருக்கிறான். நல்ல செய்தி இதைவிட வேறில்லை.

குழு விஷயத்தை அவனே முடிவு செய்யட்டும். இந்தச் சம்பவத்தில் அவன் கையில் எதுவுமே இல்லாமல் போய்விட்டது. ஏதாவது ஒன்றை அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளியேறாமல் ஒலியை மட்டும் நிறுத்தி வைக்கலாம். வெளியேறுவதானால் வீட்டுப்பாடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நண்பன் இருக்கிறானா என்று பாருங்கள்.

வருகைப் பதிவுக்குக் கையை உயர்த்தினால் போதும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள், ஆனால் அவனுக்கு மட்டும் சலுகையாக வேண்டாம், வகுப்பு முழுவதற்கும் சில வாரங்கள். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து, அவன் தயாரானதும் மீண்டும் குரலில் சொல்லட்டும். டிசா என்ற இந்தியத் திக்குவாயர் அமைப்பு திக்கும் பேச்சு உள்ளவர்களே நடத்துவது. பேசும்போது திக்கிக்கொண்டே வேலை பார்க்கிற, குடும்பம் நடத்துகிற பெரியவர்களை அவன் அங்கே சந்திக்கலாம்.

---

பொன்னிநாடு

வியாழக்கிழமை முதல்வரிடம் பெயர்ப் பட்டியலோடு போகாதீர்கள். ‘எத்தனை பேரை இடைநீக்கம் செய்யப் போகிறீர்கள்’ என்று தொடங்கினால் பள்ளி தற்காப்புக்குப் போய்விடும். மூன்றைக் கேளுங்கள். இந்த வகுப்புக்குப் பொறுப்பான ஒரு ஆசிரியர் யார், அவர் எந்த நாளில் மீண்டும் உங்களோடு பேசுவார்? ஸ்டிக்கர்களைப் பிள்ளைகளே அழிக்க வகுப்பில் என்ன செய்வார்கள்? வகுப்பாசிரியரின் ‘விளையாட்டு’ என்ற எண்ணத்தை முதல்வர் மாற்றுவாரா? மூன்றாவதுதான் கடினம். அதை விட்டுவிடாதீர்கள்.

மேடை ஏறாமல் இருந்திருக்கலாம் என்றாரே அந்தத் தந்தை, அவர் மகனை நினைத்தும் வருத்தமாக இருக்கிறது.

---

கூடல்நகர்

டீச்சர் சொன்ன மூன்றையும் கடிதமாக எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடந்தது, தேதிகள், மகனிடம் காணும் மாற்றங்கள், 1997 சட்டத்தைப் பற்றி ஒரு வரி, உங்கள் மூன்று கோரிக்கைகள், பதிலுக்கு ஒரு கெடு. ஸ்கிரீன்ஷாட் நகலை இணையுங்கள், மற்றப் பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு, அவர்களும் சிறுவர்கள். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியும் பள்ளி முத்திரையும் போட்டு வாங்குங்கள். மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு இங்கே எழுதுங்கள், அடுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுத உதவுகிறேன்.